கட்டம் போட்ட நோட்டில் சில சினிமா வீடுகள்

தச்சுப் பட்டறைகளுக்கு நாற்காலி, மேசை, அலமாரி வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதனாலோ என்னவோ, படம் பார்க்கும்போதும் கை சும்மா இருப்பதில்லை. மடியில் கட்டம் போட்ட நோட்டு, காதில் பென்சில். ரிமோட் தம்பியின் கையில். அறை முழுதாகத் தெரிகிற இடம் வந்ததும் "நிறுத்துடா" என்பேன். சன்னல் எந்தப் பக்கம், மாடிப்படி எங்கே தொடங்குகிறது, சோபா எதைப் பார்த்துக் கிடக்கிறது என்று குறித்துக்கொள்வேன். "சரி, ஓட்டு" என்றதும் படம் நகரும். இரண்டு மணி நேரப் படம் எங்களுக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். இப்படியே மூன்று நோட்டுகள் நிரம்பிவிட்டன. அவற்றைப் புரட்டித்தான், வீட்டுக்காகப் பார்க்கவேண்டிய படங்கள் என்று இந்தப் பரிந்துரைகளை எழுதுகிறேன்.

மிட்-செஞ்சுரி மாடர்ன் என்று சொல்லப்படும் வீடு, நாற்காலி வடிவமைப்புப் பாணி இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வேகம் பிடித்து அறுபதுகளின் இறுதிவரை கொடிகட்டிப் பறந்தது. தட்டையான கூரை, சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி, கீழே போகப் போக மெலியும் நாற்காலிக் கால்கள், வளைத்த பிளைவுட். நம்மில் பெரும்பாலோருக்கு இது புகைப்படங்கள் வழியாகத்தான் அறிமுகம். எனக்கு அறிமுகமானது ஜூலியஸ் ஷுல்மன் 1960இல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பியர் கோனிக் லாஸ் ஏஞ்சல்ஸ் மலைமேல் கட்டிய ஸ்டால் வீடு. கண்ணாடி மூலையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கீழே நகரத்து விளக்குகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

ஆனால் புகைப்படத்தில் அவர்கள் எப்போதும் உட்கார்ந்தே இருக்கிறார்கள். அவ்வளவு தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்போது முழங்கால் என்ன சொல்லும்? ராத்திரி அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தனியாக நடந்தால் முதுகு கூசுமா? யார்மேலாவது கோபம் வந்தால் எந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது? இதற்கெல்லாம் சினிமாதான் பதில் சொல்கிறது. பின்னணியில் ஓர் அழகான விளக்கு நிற்கிறது என்பதற்காக மட்டும் எந்தப் படத்தையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த வீட்டுக்குள் மனித உடம்பு எப்படிப் புழங்குகிறது என்று காட்டினால்தான் என் நோட்டில் இடம்.

முதலில் பார்க்கவேண்டியது பிரெஞ்சு இயக்குநர் ழாக் தத்தியின் 'மோன் ஓன்க்ள்' (1958). 'என் மாமா' என்று பொருள். ஆங்கிலத்து அங்கிள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். இந்தக் கதையில் வரும் முசியே உலோ சிறுவனின் அம்மாவுக்கு உடன்பிறந்தவர், ஆகவே நம்முடைய மாமா என்ற சொல் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. சிறுவனின் பெற்றோர் வசிப்பது வில்லா ஆர்பெல். தத்தியின் நண்பரும் ஓவியருமான ழாக் லாக்ராஞ்ஜ் வடிவமைத்த வீடு. நீஸ் நகரத்து விக்தோரின் ஸ்டுடியோவில் செட்டாகக் கட்டி, படம் முடிந்ததும் இடித்துவிட்டார்கள்.

தோட்டத்தின் நடுவே உலோக மீன் ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கும். வாசல் மணி அடித்ததும் வீட்டு அம்மாள் ஓடிப்போய் ஸ்விட்சைப் போடுவாள். மீன் தண்ணீரைப் பீய்ச்சும். வந்தது பெரிய விருந்தாளி இல்லை, சொந்தச் சகோதரன்தான் என்று தெரிந்ததும் தண்ணீர் நின்றுபோகும். ஒரு வசனம்கூட இல்லாமல் அந்தக் குடும்பத்தின் மரியாதைக் கணக்கு முழுவதும் நமக்குப் புரிந்துவிடும்.

தோட்டப் பாதையை வரைந்தபோது நான் கற்றுக்கொண்டது அதிகம். வாசலிலிருந்து வீட்டுக்கு நேராகப் போனால் சில எட்டுகள்தான். பாதையோ பாம்புபோல நெளிகிறது. ஒரு காட்சியில் இரண்டு பெண்கள் கையை நீட்டியபடி ஒருவரையொருவர் வரவேற்க நடந்து வருகிறார்கள். பாதை வளையும்போது கைகளும் கூடவே திரும்பிவிடுகின்றன. ஒருத்தி சுவரைப் பார்த்தும் இன்னொருத்தி வேறெங்கோ பார்த்தும் "வாங்க, வாங்க" என்கிற பாவனையில் நடக்கிறார்கள். இந்தக் காட்சியை ஐந்து முறை ஓட்டிப் பார்த்தேன். அந்த வளைவின் ஆரம் கொஞ்சம் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் இந்தச் சிரிப்பு பிறந்திருக்காது.

அப்புறம் அந்தப் பச்சை சோபா. அவரைவிதை வடிவம். பார்க்கக் கொள்ளை அழகு, படுக்க வழியே இல்லை. உலோ அதில் புரண்டு பார்த்துவிட்டு, கடைசியில் சோபாவைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் வளைவுக்குள் உடம்பைப் பொருத்தித் தூங்கிப்போகிறார். சாய்த்துப் போட்டதும் அது முதல்முறையாக ஒரு மனிதனுக்குப் பொருந்துகிறது. நாற்காலி வரைகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பொருளைப் பற்றி இதைவிட நியாயமான விமர்சனம் நான் பார்த்ததில்லை. இதில் வரும் இருக்கைகளைப் பின்னாளில் நிஜமாகவே செய்து விற்றார்கள். தத்தி கேலி செய்த பொருள்மீதே மக்களுக்கு ஆசை வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவர் அவ்வளவு அன்போடுதான் அவற்றைப் படமெடுத்திருக்கிறார்.

படத்தில் பேச்சு குறைவு, ஓசை அதிகம். குதிகால் செருப்பு கல்லில் தட்டும் ஓசை, சமையலறைக் கருவிகளின் சீறல் எல்லாம் பின்னால் தனியாகச் சேர்க்கப்பட்டவை. அதனால் நல்ல ஒலியோடு பாருங்கள். 'மை அங்கிள்' என்று ஆங்கிலப் பதிப்பு ஒன்றும் உண்டு, கொஞ்சம் குட்டையானது. பிரெஞ்சுப் பதிப்பையே பாருங்கள், சப்டைட்டில் பெரிதாகத் தேவைப்படாது.

அதே தத்தியின் 'ப்ளேடைம்' (1967) இரண்டாவதாக வரவேண்டும், ஆனால் ஒரு நிபந்தனை. இதை முதலில் நான் கைபேசியில் பார்த்தேன், ஒன்றுமே விளங்கவில்லை. 70 மி.மீ. ஃபிலிமில் எடுத்த படம். ஒரே ஃபிரேமில் ஏழெட்டு இடங்களில் ஏதோ நடந்துகொண்டிருக்கும். உங்களுக்குக் கிடைக்கும் ஆகப் பெரிய திரையில் மட்டும் பாருங்கள். பாரிஸுக்கு வெளியே கண்ணாடியும் எஃகுமாக ஒரு குட்டி நகரத்தையே கட்டி, அந்தச் செலவில் தத்தி கடனாளியானார். காத்திருப்பு அறையில் கறுப்பு இருக்கைகள் உண்டு. அழுத்தினால் குழிந்து, கையை எடுத்ததும் புஸ்ஸென்று மூச்சுவிட்டபடி பழைய வடிவத்துக்குத் திரும்பும். நாம் உட்கார்ந்த தடம்கூட மிஞ்சாது.

உணவகத்தில் அப்படியே நேர்மாறு. அங்கே நாற்காலி முதுகில் ஒரு கிரீடச் சின்னம். சாய்ந்து உட்காருகிறவர்களின் கோட்டில் அந்தக் கிரீடம் அச்சாகப் பதிந்துவிடுகிறது. அன்றைக்குத்தான் திறந்த இடம், ஒட்டிய ஓடுகூடக் காயவில்லை. கண்ணாடிக் கதவு உடைந்து நொறுங்கிய பிறகும் வாயிற்காவலர் கைப்பிடிக் குமிழை மட்டும் காற்றில் பிடித்து ஆட்டி, கதவு இருப்பதாகவே விருந்தாளிகளை உள்ளே விடுகிறார். பளபளவென்று இருந்த இடம் பிய்யப் பிய்ய, ஜனங்கள் சிரிக்கவும் ஆடவும் தொடங்குகிறார்கள். நீளமான காட்சி. பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) பலரும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்காக இன்னொரு முறை பாருங்கள். சால் பாஸ் செய்த டைட்டிலிலேயே நமக்கு வேலை ஆரம்பம். பச்சைத் திரையில் கோடுகள் ஓடிக் கட்டங்களாகின்றன, கட்டங்கள் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முகப்பாகின்றன, அந்தக் கண்ணாடியில் கீழே போகும் வண்டிகளின் பிம்பம் நெளிகிறது. கட்டம் போட்ட நோட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஒரு நிமிடம் மெய்சிலிர்த்துவிட்டது.

கடைசிப் பகுதியில் மவுண்ட் ரஷ்மோர் சிகரத்துக்கு அருகே வில்லன் வேண்டம்மின் வீடு. அது அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிய நிஜ வீடு என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. அப்படி ஒரு வீடு எங்குமே இருந்ததில்லை. ராபர்ட் பாயில் தலைமையில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவுக்குள் பகுதி பகுதியாகக் கட்டிய செட் அது, தூரத்துக் காட்சிகள் கையால் தீட்டிய ஓவியம். ரைட் 1959 ஏப்ரலில் காலமானார், படம் ஜூலையில் வெளிவந்தது.

இந்த வீட்டுக்குக் கதாநாயகன் கேரி கிராண்ட்தான் என் அளவுகோல். ஆறடி ஒரு அங்குல உயரம் கொண்டவர். அவர் நின்றால் சுவர் எவ்வளவு, கைநீட்டினால் உத்தரம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். மலைச்சரிவிலிருந்து அந்தரத்தில் நீளும் அறையைச் சாய்வான தாங்கிகள் கீழிருந்து பிடித்திருக்கின்றன. ரைட்டின் ஃபாலிங்வாட்டர் வீட்டில் தளங்கள் அருவிக்கு மேலே எந்தச் சாய்வுத் தாங்கியும் தெரியாமல் நீண்டு நிற்கும், அதுதான் அதன் கம்பீரம். இங்கே தாங்கி இல்லையென்றால் கதாநாயகன் ஏறுவதற்குப் பிடிமானம் இருக்காது. ஏறுகிறார், பால்கனியை அடைகிறார், கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கிறார். உள்ளே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே கூடம், மேலே ஒரு நடைமாடம்.

தம்பி படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "ஏங்க்கா, இந்த வீட்டுல ஒளிஞ்சுக்க ஒரு மூலைகூட இல்லையே?" சரியாகப் பிடித்தான். சுவர் இல்லாததால்தான் மாடத்திலிருந்து எறிந்த தீப்பெட்டி அட்டை கூடத்தில் இருக்கும் கதாநாயகியின் காலடியில் விழ முடிகிறது. அதே காரணத்தால்தான் ஓசைப்படாமல் மாடத்தில் நகரும் மனிதனின் உருவம் கீழே அணைந்து கிடக்கும் டி.வி.யின் கண்ணாடியில் விழுந்து, வேலைக்கார அம்மாளின் கண்ணில் படுகிறது. காப்பாற்றுவதும் மாட்டிவிடுவதும் அந்தத் திறந்த கூடமே. நான் போட்ட கணக்கில் வெளியிலிருந்து தெரியும் நீளமும் உள்ளே கிடைத்த நீளமும் ஒட்டவே இல்லை. ஓவியத்தில் இருந்த வீட்டுக்கும் செட்டில் இருந்த வீட்டுக்கும் நடுவே சில அடிகள் எங்கோ தொலைந்துவிட்டன. என் நோட்டில் அந்தப் பக்கம் அப்படியேதான் கிடக்கிறது.

ஓரளவு ஒட்டிவந்த வீடு அகிரா குரோசாவாவின் 'ஹை அண்ட் லோ' (1963) படத்தில் வரும் வீடு. என் பட்டியலில் எனக்கு மிகவும் பிரியமான படம் இது. ஜப்பானியத் தலைப்புக்குச் சொர்க்கமும் நரகமும் என்று பொருள். யோகோஹாமா நகரத்துக் குன்றின்மேல் ஷூ கம்பெனி அதிகாரி கோண்டோவின் நவீன வீடு. தோஷிரோ மிஃபுனே நடித்திருக்கிறார். அவருடைய மகன் என்று நினைத்து டிரைவரின் மகனைக் கடத்திவிடுகிறார்கள், பணம் கேட்டுத் தொலைபேசி வருகிறது. அதன்பின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் படம் அந்தக் கூடத்தை விட்டு வெளியே போகாது.

நீளமான கூடம், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதன்மேல் கனத்த திரைச்சீலை. பகலில் அந்தக் கண்ணாடி வழியாக நகரமே கோண்டோவின் காலடியில் கிடக்கிறது. கடத்தல்காரன் கீழே எங்கிருந்தோ வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்ததும் கூடத்தின் பொருளே மாறிவிடுகிறது. திரையை மூடினால் அவனுக்குச் சந்தேகம் வரும், திறந்தால் உள்ளே இருக்கும் போலீஸ்காரர்கள் தெரிந்துவிடுவார்கள். ஆகவே நல்ல உடுப்புப் போட்ட துப்பறிவாளர்கள் அந்த உயர்ந்த கம்பளத்தில் குப்புற விழுகிறார்கள். ஷுல்மன் படத்தைப் பார்த்து நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, முதுகு கூசுமா என்ற அந்தக் கேள்விக்கு, இதுதான் பதில். கீழே வெயிலில் புழுங்கும் ஒரு சின்ன அறையிலிருந்து பார்ப்பவனுக்கு அந்தக் கண்ணாடி எப்படித் தெரியும் என்று படத்தின் இரண்டாம் பாதி சொல்லும். அதை நான் சொல்லிவிடக் கூடாது.

ஒரே ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். பணப் பையில் போலீஸார் ஒரு பொருளை ஒளித்து வைக்கவேண்டும். கோண்டோ தொழிலாளியாக இருந்து மேலே வந்தவர், தோல் தைக்கத் தெரிந்தவர். தன்னுடைய பழைய கருவிகளைக் கொண்டுவரச் சொல்லி, சோபாவை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, பையைக் காலுக்கிடையில் வைத்து வேலையைத் தொடங்குகிறார். சுற்றி நிற்கும் போலீஸ்காரர்கள் பேசாமல் பார்க்கிறார்கள். அந்தக் கூடத்தில் இவ்வளவு நேரமும் எதிலும் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டே இருந்த மனிதர், தரையில் உட்கார்ந்ததும் அமைதியாகிவிடுகிறார். பட்டறையில் வயதான ஆசாரிகள் உளியை எடுக்கும்போது முகத்தில் வருகிற அதே அமைதி. அந்த இடத்தில் "நிறுத்து" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் முதலில் வாங்கிய டிஸ்க்கில் படத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்டி டி.வி. திரைக்குச் சரிசெய்திருந்தார்கள். இது 2.35க்கு 1 என்ற அகலத்தில் எடுத்த படம். குரோசாவா கூடத்தின் இந்தக் கோடியில் ஒருவரையும் அந்தக் கோடியில் இன்னொருவரையும் நிறுத்தி, நடுவில் உள்ள தூரத்தைக் கொண்டே கதை சொல்கிறார். ஓரத்தை வெட்டினால் அந்த ஆட்களே போய்விடுகிறார்கள், வெறும் கம்பளம்தான் மிச்சம். மனம் வெறுத்து மறுபடி வாங்கினேன். திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்தப் படத்தின் மூலக்கதை எட் மெக்பெய்ன் எழுதிய அமெரிக்க நாவல். எட் மெக்பெய்ன் என்பது ஈவான் ஹன்டரின் புனைபெயர். அதே ஹன்டர் தன் சொந்தப் பெயரில் எழுதிய இன்னொரு நாவல்தான், அவரே எழுதிய திரைக்கதையுடன், ரிச்சர்ட் குவைன் இயக்கத்தில் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் வென் வீ மீட்' (1960) என்று வந்தது. மலைமேல் வீடு உள்ள இரண்டு படங்களும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைத் தம்பியால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. கிர்க் டக்ளஸ் கட்டடக் கலைஞர், ஒரு எழுத்தாளருக்காக வீடு கட்டுகிறார். பக்கத்து வீட்டுத் திருமணமான பெண் கிம் நோவாக். படப்பிடிப்புக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் மலைச்சரிவில் நிஜமாகவே ஒரு வீட்டைக் கட்டினார்கள், அது எழும்ப எழும்பப் படமும் நகர்கிறது. காதல் கதை இழுவைதான், மறைக்கவில்லை. ஆனால் முடிந்த வீடுகளையே பார்த்துப் பழகிய நமக்கு, வெறும் மனையும் மரச்சட்டமுமாக நிற்கும் மிட்-செஞ்சுரி வீட்டுக்குள் இரண்டு பேர் நடப்பதைப் பார்க்க வேறெங்கே கிடைக்கும்?

மனம் லேசாக வேண்டுமென்றால் 'பில்லோ டாக்' (1959). ராக் ஹட்சன் பெண் பித்துப் பிடித்த இசையமைப்பாளர். சோபா அருகில் ஸ்விட்சுகள். ஒன்றைத் தட்டினால் கதவு பூட்டிக்கொள்ளும், விளக்கு மங்கும், இசைத்தட்டு சுழலும். இன்னொன்றைத் தட்டினால் சோபா கட்டிலாகும். டோரிஸ் டே வீட்டு அலங்கார நிபுணர். அவன் தன்னை ஏமாற்றியது தெரிந்ததும், அவன் வீட்டை அலங்கரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, கண்கொண்டு பார்க்க முடியாதபடி அலங்கோலமாக்கிப் பழிவாங்குகிறார். ஒரு தொழில்காரி தன் தொழிலையே ஆயுதமாக்குகிறாள். எனக்கு அந்தப் பாத்திரத்தின்மேல் அளவற்ற மரியாதை. எது பொருந்தாது என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவருக்குத்தான் எது பொருந்தும் என்றும் தெரியும்.

பில்லி வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்' (1960) அலுவலகத்துக்காக. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே மாதிரி மேசைகள், தலைக்குமேல் முடிவில்லாத விளக்கு வரிசை. கலை இயக்குநர் அலெக்ஸாண்டர் டிரானர் பின்வரிசைகளுக்குப் போகப் போக மேசைகளைச் சின்னதாகச் செய்து, உயரம் குறைந்தவர்களை உட்காரவைத்து அந்த ஆழத்தை உண்டாக்கினார். கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. இது தெரிந்தபின் நான் மேசை மேசையாக எண்ணிப் பார்த்தேன், எங்கிருந்து சின்னதாகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வசதியானவர்களின் வீடுகளும் பெரிய செட்டுகளும். அந்தக் காலத்தில் எல்லோருமா கண்ணாடி வீட்டில் இருந்தார்கள்? சாதாரணக் குடும்பத்துக்குள் இந்த நவீனம் ஒரு குளிர்பதனப் பெட்டியாகவோ ஒரு கெட்டிலாகவோதான் நுழைந்தது. அதைப் பார்க்க ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவிடம் போகவேண்டும். அவருடைய முதல் வண்ணப்படம் 'ஈக்வினாக்ஸ் ஃபிளவர்' (1958). சிவப்பு நன்றாக விழும் என்று அக்ஃபா ஃபிலிமைத் தேர்ந்தெடுத்தார். வீட்டுக்குள் ஒரு சிவப்பு கெட்டில். பழுப்பும் சாம்பலுமான பாய் விரித்த அறையில் அது இருக்கும் இடத்தில் கண் தானாகப் போய் நிற்கும். கேமரா பாயில் உட்கார்ந்திருப்பவரின் பார்வைக்கும் தாழ்வாக இருப்பதால், கெட்டில் ஒரு ஆள்போலவே நம் எதிரில் இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டாம் முறை பார்த்தபோது நான் கதையை விட்டுவிட்டுக் கெட்டிலை மட்டும் பின்தொடர்ந்தேன். ஒரு அறையில் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் அழுத்தமான நிறம் கொடுத்தால் மற்ற எல்லாம் எப்படி அடங்கி அழகாகிவிடுகிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

அவருடைய கடைசிப் படமான 'ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்' (1962) இன்னும் வீட்டுக்கு நெருக்கமானது. மூத்த மகன் குளிர்பதனப் பெட்டி வாங்க வேண்டுமென்று அப்பாவிடம் 50,000 யென் கடன் கேட்கிறான். உண்மையில் பெட்டிக்கு வேண்டியதைவிட அது கொஞ்சம் கூடுதல், மிச்சத்தில் கோல்ஃப் மட்டை வாங்கலாம் என்று கணக்கு. மனைவிக்குத் தெரிந்து கோபம். சின்னக் குடியிருப்பில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியில், கோபம் வந்தால் போக இன்னொரு அறை இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று தெரியும்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்தின் விண்வெளி நிலையத்தில் வளைந்து ஏறும் வெள்ளைத் தரைமேல் ஒலிவியே மூர்க் வடிவமைத்த ஜின் நாற்காலிகள் செக்கச்செவேலென்று கிடக்கும், அந்த ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். சாப்பிடும் காட்சியில் வருவது ஆர்னே யாகப்சனின் கரண்டிகள். அன்டோனியோனியின் 'லா நோட்டே' (1961) மிலான் நகரத்துப் பிரெல்லி கோபுரத்தின் கண்ணாடி வழியே கேமரா மெல்லக் கீழே இறங்குவதில் தொடங்குகிறது, டைட்டிலைத் தவறவிடாதீர்கள். கட்டடக் கலைஞர் ஜான் லாட்னரின் வீடுகள் பிடிக்குமென்றால் 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971) படத்தில் பாம் ஸ்பிரிங்ஸின் எல்ராட் வீடு வருகிறது. அங்கே நடக்கும் சண்டை சாதாரணம், கான்கிரீட் கூரை பிரமாதம். அவர் 1949இல் கட்டிய ஷாஃபர் வீட்டில் நடப்பது டாம் ஃபோர்டின் 'எ சிங்கிள் மேன்' (2009). பழைய படமில்லை, ஆனாலும் அந்த மரமும் கண்ணாடியும் மனதை விட்டுப் போகாது.

ஒன்றை மட்டும் நான் சிபாரிசு செய்யப் போவதில்லை. 'தி பார்ட்டி' (1968) இந்தப் பாணிப் படங்களின் பட்டியல்களில் தவறாமல் வருகிறது. பொத்தானைத் தட்டினால் தரை விலகி நீச்சல்குளம் தெரியும் வீடு, வடிவமைப்பு அபாரம்தான். ஆனால் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்தியராக வருகிறார். ஒருமுறை பார்த்தேன், வீட்டை வரைந்து முடிக்கும்வரை மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபடி போடத் தோன்றவில்லை.

கடைசியாக வைத்திருப்பது கோதாரின் 'கன்டெம்ப்ட்' (1963). காப்ரி தீவுப் பாறையின்மேல் நிற்கும் காசா மலபார்த்தேவுக்காகப் பலரும் இதைப் பார்ப்பார்கள். சிவப்புச் சுவர், மொட்டைமாடி வரை விரிந்துகொண்டே போகும் படிக்கட்டு. அது போருக்கு முந்திய காலத்தில் தொடங்கிய வீடு, நம் பாணிக்குக் கொஞ்சம் மூத்தது. எனக்கு அதைவிட முக்கியம் படத்தின் நடுவே வரும் ரோம் நகரத்து ஃபிளாட். புதிதாக வாங்கியது, வேலை இன்னும் முடியவில்லை. வெள்ளைச் சுவர், சிவப்பு சோபா. மிஷெல் பிக்கோலியும் பிரிஜித் பார்தோவும் கணவன் மனைவி. கிட்டத்தட்ட அரை மணி நேரம் அறைக்கு அறை நடந்துகொண்டே சண்டை போடுகிறார்கள். இருவரும் எதிரெதிரே உட்காரும்போது நடுவில் ஒரு மேசை விளக்கு. அவர் பேசிக்கொண்டே அதை அணைத்து அணைத்து ஏற்றுகிறார், கேமரா விளக்கைக் கடந்து இவர் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் போய்ப் போய் வருகிறது.

அந்த ஃபிளாட்டில் ஒரு கதவு. சட்டம் இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, நடுவில் இன்னும் கண்ணாடி போடவில்லை. கணவர் ஒருமுறை கைப்பிடியைத் திருப்பி முறையாகத் திறந்து போகிறார். அப்புறம் மூடிய கதவின் ஓட்டை வழியாகவே காலைத் தூக்கிவைத்து அந்தப் பக்கம் போகிறார். வரைபடத்தில் கதவு என்றால் அது திறக்கும் திசையைக் கால்வட்டமாகப் போடவேண்டும், வெறும் வழி என்றால் சுவரில் இடைவெளி விட்டால் போதும். மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த ஃபிளாட்டை முழுதாக வரைந்துவிட்டேன், சோபா, விளக்கு எல்லாம் அளவோடு உட்கார்ந்துவிட்டன. அந்த ஒரு இடத்தில் மட்டும் கால்வட்டத்தைப் போட்டு, அழித்து, மறுபடி போட்டு வைத்திருக்கிறேன். தாள் அங்கே கொஞ்சம் நைந்துபோயிருக்கிறது.